தண்ணீர் விழும் சத்தம்

குழாய் திறந்திருக்கிறது. அதுவரைக்கும் நல்லது. குழாய் திறந்திருந்தால் அதை ஒரு கை திறந்திருக்க வேண்டும், அந்தக் கைக்கு உடையவன் உள்ளே நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று தணிகாசலம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சொல்லி முடிக்கவில்லை, அன்றைக்கும் குழாய் திறந்துதானே இருந்தது என்று இன்னொரு நினைப்பு பின்னாலேயே வந்து அந்தச் சமாதானத்தை எட்டி உதைத்தது. கையில் பாதி நறுக்கிய வெங்காயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அவர் வேலை செய்யும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு லீவு, பையன் தருணுக்கும் காலேஜ் இல்லை. அரக்கோணத்தில் மற்ற வீடுகளில் இந்நேரம் கறி வாங்கி வந்து மஞ்சள் தடவி வைத்திருப்பார்கள். இந்த வீட்டில் ரவை உப்புமா. அடுப்படியின் பின்கதவைத் திறந்தால் ஒரு சின்ன நடை, நடையின் கோடியில் குளியலறை. அந்தக் குளியலறையில்தான் ஆவணி மாதத்தில் அவர் மனைவி அம்சவேணி தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து போய்ச் சேர்ந்தாள். அதே குளியலறையில்தான் இப்போது பையன் குளிக்கிறான். வேறு எங்கே போய்க் குளிப்பது? வீட்டுக்கு ஒரு குளியலறைதான், அதில் சாவு விழுந்தாலும் மறுநாள் காலையில் அங்கேதான் பல் தேய்க்க வேண்டும். இதைப்போல ஒரு அக்கிரமம் உண்டா என்று அவருக்கு ஆத்திரமாக வரும். ரோட்டில் ஒரு பள்ளம் விழுந்தால்கூட நாலு செங்கல்லை வைத்து மறிக்கிறார்கள்.

மக்கால் மொண்டு ஊற்றும் சத்தம் வேறு, குழாய்ச் சத்தம் வேறு. உடம்பில் பட்டு விழும் தண்ணீர் கொஞ்சம் மெத்தென்று கேட்கும், வெறும் தரையில் விழும் தண்ணீர் சளாரென்று கேட்கும். இதையெல்லாம் ஆவணிக்குப் பிறகு அவர் நன்றாகப் படித்துத் தேறியிருந்தார், பரீட்சை வைத்தால் முதல் மார்க் வாங்குவார். தருண் முதலில் பெரிய வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து இழுத்து வைப்பான், கரகரவென்று கேட்கும். பிறகு குழாயைத் திறப்பான். வாளி நிரம்பும், நிரம்பி வழியும், அவன் மூடமாட்டான். பேருக்கு இரண்டு மக் சத்தம். அதற்கப்புறம் குழாய் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரம்தான் தணிகாசலத்தின் உயிரை எடுக்கிற நேரம். வாளியை எதற்கு முட்டுக்கொடுக்கிறான் என்றால், கதவில் தாழ்ப்பாள் இல்லை. காரியம் முடிந்த மறுநாளே கடையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து தணிகாசலம்தான் கழற்றினார். அன்றைக்குத் தாழ்ப்பாள் இல்லாமலிருந்திருந்தால் கதவை உடைக்கப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட ஓடியிருக்க வேண்டாம். டாக்டர் சொன்னார், அதனால் ஒன்றும் ஆகியிருக்காது, விழும்போதே உயிர் இல்லை என்று. டாக்டர் ஆயிரம் சொல்லுவார். அவரா கதவுக்கு வெளியே நின்றார்? தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இப்போது ஸ்க்ரூ துளைகள்தான் இருக்கின்றன. அதைப் பார்த்த அன்று தருண் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து வாளி.

கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? அதுவும் தெரியவில்லை. அப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற வழக்கம் அந்த வீட்டில் எப்போதோ நின்றுபோயிருந்தது. சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. அவன் மீசை முளைத்த நாளிலிருந்து அப்படியாகிவிட்டது, எல்லாம் அம்சவேணி வழியாகத்தான். "ஃபிரண்ட்ஸ்லாம் ஏலகிரி போறாங்கம்மா, அப்பாவ கேட்டு சொல்லு" என்று அவன் அடுப்படியில் சொல்வான், கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இவருக்குக் காதில் விழும், விழாத மாதிரி பேப்பரைத் திருப்புவார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கேட்ட சேதியையே மறுபடி சொல்வாள். இவர் "போய் கை கால ஒடச்சிக்கவா? ஒண்ணும் வாணாம்" என்பார். அவள் அடுப்படிக்குப் போய், "அப்பா யோசிக்கிறாருடா, ஜாக்கிரதையா போவியான்னு கேக்கறாரு" என்பாள். இத்தனை வருஷமாக இப்படி அவள் தேன் தடவித் தடவிக் கொடுத்ததில், ஒருத்தன் குரலின் நிஜ ருசி இன்னொருத்தனுக்குத் தெரியாமலே போய்விட்டது. இப்போது அவள் இல்லை. அவர் சொன்னால் அவர் சொன்னபடியே போய்ச் சேருகிறது, முள்ளும் ஓடும் எடுக்காமல். அதற்குப் பயந்துகொண்டு அவர் பேச்சையே குறைத்துவிட்டார். குளிக்கும்போது மட்டும் விடமாட்டார். "சோப்பு இருக்குதாடா?" உள்ளேயிருந்து "ம்." அந்த 'ம்'மை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெங்காயம் நறுக்குவார். "துண்டு எடுத்துனு போனியா?" "ம்." இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். கேள்விகள் தீர்ந்துவிட்டால்தான் கஷ்டம். ஒருநாள் கேட்க ஒன்றும் கிடைக்காமல், "வெளிய மழ வர்ற மாதிரி இருக்குது" என்றார். நல்ல வெயில். அதற்கும் "ம்."

எதற்குத்தான் பயப்படுகிறார் என்று யாராவது கேட்டால் தணிகாசலத்தால் ஒரே பதிலாகச் சொல்ல முடியாது. வழுக்கும் என்று பயம், பிளீச்சிங் பவுடர் போட்டு உள்ளங்கை தேயத் தேய்த்தார். ஷாக் அடிக்கும் என்று பயம், வெந்நீர் ஹீட்டரைத் தூக்கிப் பரண்மேல் போட்டார், பையன் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறான். அம்மாவுக்கு இருந்த இதயம்தானே இவனுக்கும் இருக்கும் என்று பயம், அதை எங்கே தூக்கிப் போடுவது? இதற்கெல்லாம் அடியில் இன்னொரு பயம் இருக்கிறது, அதற்குப் பெயர் வைக்கமாட்டார், முருகா முருகா என்று தலையை உதறிவிடுவார். ஆனால் பிளேடு பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்க் கடை டிராயரில் ஒளித்துவைத்திருக்கிறார். பையன் வேறு வாங்கிக்கொள்ளவில்லை, கேட்கவுமில்லை. கொள்ளி வைத்தபோது மொட்டை அடித்த தலையில் முடி முளைத்துவிட்டது, கூடவே தாடியும் புதராக வளர்ந்துவிட்டது. தெருவில் பார்க்கிறவர்களெல்லாம், "பெத்தவளுக்காகத் தாடி வெச்சினுக்கறான் பாரு, இந்தக் காலத்துல எந்தப் புள்ள வெக்குது" என்று மெச்சுகிறார்கள். தணிகாசலமும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார். என்ன செய்வது, பிளேடு கதையைத் தெருவில் நின்று சொல்ல முடியுமா?

துக்கம் கேட்க வந்தவர்களிடமும் இப்படித்தான் ஒன்று ஆகிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் தண்ணீர் குடித்துவிட்டு, மூச்சை விட்டு, அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள், "கடைசியா எதுனா சொன்னாங்களா?" சொன்னாள். குளிக்கப் போகும்போது கதவிடுக்கில் தலையை நீட்டி, "ஏங்க, பருப்பு வெச்சிருக்கேன், இன்னொரு விசில் வந்தா அடுப்ப நிறுத்திடுங்க" என்று சொன்னாள். இதையா சொல்வது? இருபத்துமூன்று வருஷம் கூட வாழ்ந்தவளின் கடைசி வார்த்தை பருப்பு என்று சொன்னால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? முதலில் கேட்டவர் அவள் சித்தப்பா. அந்தக் கிழவர் அப்படி ஆவலாக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், "பையன பத்தரமா பாத்துக்கோங்கன்னு சொன்னா" என்று தணிகாசலம் வாயிலிருந்து வந்துவிட்டது. கிழவர் ஓவென்று அழுதார், கூடத்திலிருந்த பெண்கள் எல்லாரும் அழுதார்கள். அதற்குமேல் மாற்ற முடியவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது நிஜமாகிவிட்டது, இப்போது அவள் நிஜமாகவே அவன் கையைப் பிடித்து இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. பத்திரமாகப் பார்த்துக்கொள்வது என்றால் எப்படி? அதை அவள் சொல்லவில்லை. அவள் சொன்னதெல்லாம் பருப்பு, அதை அவர் விசில் வந்ததும் ஒழுங்காக நிறுத்தினார், நிறுத்திவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார், குழாய் ஓடிக்கொண்டிருந்தது, குளிக்கிறாள் என்று நினைத்தார், யாராயிருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள், குழாய் ஓடினால் குளிக்கிறாள்.

பையன் அழவேயில்லை. அதுதான் விஷயம். காலேஜிலிருந்து ரயில் பிடித்து வந்து, கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். அப்போதும் அழவில்லை. தோளில் பானையோடு சுற்றி வந்தபோது அழவில்லை, நெருப்பு வைத்தபோது அழவில்லை, எலும்பு பொறுக்கும்போதும் அழவில்லை. "தைரியமான பையன்" என்றார்கள் ஆண்கள். தணிகாசலத்தின் அக்கா செந்தாமரை மட்டும் போகும்போது அவரை ஓரமாகக் கூப்பிட்டு, "டேய், அவன் அழவே இல்லடா. எங்க ஓரகத்தி பையன் இப்படித்தான் உள்ளயே வெச்சினு இருந்தான், அப்புறம் மந்திரிக்காத கோயில் இல்ல. எப்படியாவது அழ வெச்சிடுடா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். சுலபமாகச் சொல்லிவிட்டாள். வளர்ந்த பையனை எப்படி அழ வைப்பது? அடிக்கவா முடியும்? அம்சவேணியின் புடவைகளை வேண்டுமென்றே கொடியில் காயப்போட்டுப் பார்த்தார், அவன் மழைக்கு முன்னால் மடித்து வைத்தான். அவள் வைப்பதைப் போலவே கருவாட்டுக் குழம்பு வைத்துப் பார்த்தார், அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கரெக்டா இருக்குது" என்றான். அன்று இரவு அவர் பயந்தே போனார். உயிர் இருக்கிறவன் பேசுகிற பேச்சா அது? சரி, நீ அழுதாயா என்று அவரை யாரும் கேட்கவில்லை. ஆம்பிளை, ஐம்பதைத் தாண்டியவர், ஆயிரம் வேலை இருந்தது, சாமியானா சொல்ல வேண்டும், மேளத்துக்குச் சொல்ல வேண்டும், அழுகைக்கு எங்கே நேரம்? பிறகு நேரம் கிடைத்தபோது அழுகை வரவில்லை, தொண்டைக்குக் கீழே எங்கேயோ ஒரு கட்டியாக நின்றுவிட்டது, அதன்மேலேயே சோறும் தண்ணீரும் இறங்கிப் போய்வருகிறது.

அடுப்பில் ரவை பிடித்துக்கொண்டது. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் தணிகாசலத்துக்கு நினைவு திரும்பியது, அடுப்பை நிறுத்தினார், நிறுத்தியதும் குழாய்ச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. மக் சத்தம் கேட்டு எவ்வளவு நேரம் ஆகிறது? கேட்டதா? பருப்பை நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு தரம் கேட்ட மாதிரி இருந்தது, அது நேற்றுக் கேட்டதோ என்னவோ. "தருணு, சோப்பு இருக்குதாடா?" தண்ணீர். "டேய், சோப்பு." தண்ணீர். காதில் விழவில்லை, அவ்வளவுதான், குழாய் பக்கத்தில் இருக்கிறவனுக்கு எப்படிக் காதில் விழும், அன்றைக்கு அவளையும் கூடத்திலிருந்து கூப்பிட்டார், காதில் விழவில்லை என்றுதான் நினைத்தார், சீ, அவள் வயசென்ன இவன் வயசென்ன, இருபது வயசு, கல்லைத் தின்றாலும் செரிக்கும், ஜிம்முக்குப் போன பையனே ஜிம்மில் விழுகிறான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களே, அதை ஏன் நின்று கேட்டோம், முருகா, உன் மலைக்கு நடந்தே வருகிறேன், ஒரே ஒரு 'ம்' மட்டும், ஒரே ஒரு 'ம்'. கால்கள் நடைக்கு வந்துவிட்டிருந்தன. வெங்காயக் கத்தியைக் கையிலேயே வைத்திருப்பதைப் பார்த்து ஜன்னல்மேல் வைத்தார். கதவைத் தள்ளினால் வாளி நகரும், நகர்ந்தால் பார்த்துவிடலாம், பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. அன்றைக்குக் கதவு உடைந்து திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு கால், கொலுசு, அதன்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தள்ளாதவரைக்கும் அவன் குளித்துக்கொண்டிருக்கிறான். தள்ளிவிட்டால் என்னவென்று தெரிந்துவிடும். கையைக் கதவில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

அப்போது தண்ணீர் மெலிந்தது. கயிறாக விழுந்துகொண்டிருந்த சத்தம் நூலாகிச் சொட்டாகியது. யாரோ மூடுகிறார்கள் என்று அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது, ஆனால் மூடினால் சத்தம் டக்கென்று நிற்குமே, இது இழுத்துக்கொண்டு போகிறதே? டேங்க் காலி. மோட்டார் போடவில்லை. விடிந்ததும் மோட்டார் போடுவது அம்சவேணியின் வேலை, சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் வாசல் தெளிக்கப் போவாள், அவள் போன பிறகும் எப்படியோ தினமும் ஞாபகம் வந்துகொண்டிருந்தது, இன்றைக்கு மறந்துபோயிற்று. குழாய்க்குள் காற்று புகுந்து கரகரவென்று முனகியது. டேங்க் காலியானால் குழாய் அப்படித்தான் முனகும். முனகல் நின்றது. நின்ற பிறகும் உள்ளே ஒன்று முனகிக்கொண்டிருந்தது. அது குழாய் இல்லை என்று புரிய அவருக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுகிற அழுகை அது, அடைத்த துணியையும் மீறி வருகிற அழுகை, சின்ன வயசில் காது வலி வந்தால் அவன் அழுகிற அதே இழுப்பு. சட்டென்று அதுவும் நின்றது. தண்ணீர் நின்றுபோனது அவனுக்கும் இப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவன், இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். தினமும் இதைத்தான் செய்துகொண்டிருந்தானா? உப்புமாவுக்கும் இட்லிக்கும் முன்னால், தினமும்? மண்டைக்குள் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது. கண்டுகொள்ளாத மாதிரி அடுப்படிக்குப் போய்விடலாம், மோட்டார் போட்டால் அவனுக்கு மறுபடி தண்ணீர் வந்துவிடும், சத்தம் வந்துவிடும், இதுவரை நடந்த மாதிரியே நடந்துகொண்டு போகும். அவளிருந்தால் என்ன சொல்ல வேண்டுமென்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"டேங்க்ல தண்ணி இல்லடா. மோட்டார் போட மறந்துட்டேன். இரு, போடறேன்."

"வாணாம்பா."

குரல் கதவுக்கு மிக அருகிலிருந்து வந்தது. அவ்வளவு அருகில் அவன் இருப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"சோப்போட எப்படிரா நிப்ப?"

"சோப்பெல்லாம் போடல. நான் இன்னும் குளிக்கவே இல்ல. மோட்டார் போடாத. கொஞ்ச நேரம் போடாத."

அவர் போடவில்லை. நடையோரம் கிடந்த துணி துவைக்கிற கல்லில் கையை ஊன்றிக்கொண்டார். தேன் தடவ ஆளில்லை, நேராகத்தான் கேட்டாக வேண்டும். "ஏன்டா, கூடத்துல உக்காந்து அழுதா என்னா? நான் எதுனா சொல்லப் போறனா?"

"நீதானப்பா சொன்ன."

"நானா? என்னா சொன்னேன்?"

"சுடுகாட்டுல. கொள்ளி வெக்கிறதுக்கு முன்னாடி. அழுவாதடா, நீ அழுதா அப்பா தாங்கமாட்டேன், நானும் உங்கம்மா பின்னாடியே போயிடுவேன்னு சொன்ன." உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அதான்."

அவருக்கு ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பார். சாவு வீட்டில் எல்லாரும் சொல்வதுதான், இவர் அப்பா செத்தபோது இவரிடமும் யாரோ சொன்னார்கள், யார் அதை எடுத்துவைத்துக்கொள்கிறார்கள்? இவன் எடுத்துவைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் நம்பியிருக்கிறான். அப்படியென்றால் இவர் அடுப்படியில் நின்று நடுங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அவன் குழாயடியில் நின்று, தன் அழுகை சத்தம் கேட்டால் அப்பன் செத்துவிடுவான் என்று நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறான். துணியை வாயில் அடைத்துக்கொண்டு. தணிகாசலம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்படியில்லடா, அது சும்மா ஒரு பேச்சுக்கு என்று சொல்ல நினைத்தார். வார்த்தைக்கு பதில் தொண்டைக்குக் கீழேயிருந்த கட்டி கிளம்பி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார், மூச்சு உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை, சத்தமும் வரவில்லை, நெஞ்சை அறுக்கிற வலி மட்டும் வந்தது, இதுதானா அது, இப்படித்தான் அவளுக்கும் இருந்திருக்குமா என்று ஒரு கணம் பயந்தார், உடனே, ஐயோ, அம்சா செத்துட்டாளே என்று அன்றுதான் சேதி கேட்டவரைப்போல நினைத்தார்.

"அப்பா?"

அவர் கதவைத் தட்டக் கையை நீட்டினார், எட்டவில்லை.

"அப்பா, என்னா சத்தத்தையே காணோம்? அப்பா!"

வாளி கவிழ்ந்தது. அதிலிருந்த தண்ணீர் கதவிடுக்கில் பாய்ந்து வந்து அவர் வேட்டியை நனைத்தது. கதவு சுவரில் மோதித் திறந்தது. துண்டு கட்டிய இடுப்பும், காய்ந்த தலையும், அழுது வீங்கிய முகமுமாகத் தருண் வெளியே பாய்ந்து வந்து அவர் முன்னால் மண்டியிட்டான். அந்த முகத்தில் இருந்த பயத்தைத் தணிகாசலத்துக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் தினமும் பார்க்கிற பயம்தான். இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான். "என்னாப்பா ஆச்சு? நெஞ்சு வலிக்குதா? அப்பா, இங்க பாரு, வலிக்குதாப்பா?"

இழுத்து இழுத்து ஒரு மூச்சு அவருக்கு உள்ளே போனது. போன மூச்சு வெளியே வரும்போது பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி பெரிய சத்தமாக வந்தது. அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லடா," என்றார். "அழுவறேன். அவ்ளோதான். அழுவறேன்."